கூரையில் சூரியத்தகடு, தட்டில் மாட்டிறைச்சி

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையர் மாவட்டத்தில் மார்க்கெட் டிரேட்டன் என்றொரு சிறுநகரம் இருக்கிறது. 2021 டிசம்பரில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் அங்கே ஓர் உணவகத்தைத் திறந்தது. சுவர்களுக்குள் வெப்பக் காப்பாக ஆட்டு ரோமம் அடைக்கப்பட்டிருந்தது; வெளிப்புறப் பலகைகள் பழைய கணினிகளிலிருந்தும் வீட்டுச் சாதனங்களிலிருந்தும் மறுசுழற்சி செய்து உருவாக்கப்பட்டவை; கார்கள் வரிசையாக வந்து உணவு வாங்கிச் செல்லும் பாதையில் பழைய டயர்கள் பயன்பட்டிருந்தன; மின்சாரத்துக்குச் சூரியத்தகடுகளும் சிறு காற்றாலைகளும் இருந்தன. கட்டுமானத்திலும் அன்றாடப் பயன்பாட்டிலும் நிகர பூஜ்ய உமிழ்வு (புவியைச் சூடாக்கும் வாயு எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவும் ஈடுகட்டப்படுவது) என்னும் அளவுகோலை எட்டுமாறு பிரிட்டனில் கட்டப்பட்ட தன் முதல் உணவகம் என்று நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியது.

ஓட்டல் சமையலறைகளில் எரிவாயுவும் மின்சாரமும் எங்கே வீணாகின்றன என்று அளந்து சொல்வது என் தொழில். ஆகவே அந்தக் கட்டடத்தின் விவரங்களை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. இரவு முழுவதும் யாருக்காகவும் இல்லாமல் எரிந்துகொண்டிருக்கும் அடுப்புகளையும், கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்து குளிரைத் தெருவுக்கு விட்டுக்கொண்டிருக்கும் குளிர்பதன அறைகளையும் ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பழகியவனுக்கு, ஒரு பெருநிறுவனம் சுவரின் உட்புறம் வரைக்கும் யோசித்திருக்கிறது என்பதே பெரிய செய்தி. ஆனால் அந்த நிறுவனத்தின் கார்பன் கணக்கைத் தொடர்ந்து வாசித்த இந்தச் சில ஆண்டுகளில் என் பார்வை மாறிவிட்டது. என் தொழில் தொடும் பகுதி அந்தக் கணக்கில் எவ்வளவு சிறியது என்பதும், தொடாத பகுதி எவ்வளவு பெரியது என்பதும் தெளிவானதால் நேர்ந்த மாற்றம் இது. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

2018 மார்ச்சில் மெக்டொனால்ட்ஸ் தன் முதல் பெரிய காலநிலை உறுதிமொழியை வெளியிட்டது. நிறுவனங்களின் உமிழ்வு இலக்குகள் அறிவியலோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் எஸ்.பி.டி.ஐ. என்ற அமைப்பின் ஒப்புதலைப் பெற்ற முதல் உணவக நிறுவனம் அதுவே. உறுதிமொழியில் இரண்டு பாகங்கள் இருந்தன. உணவகங்களும் அலுவலகங்களும் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களை 2015 ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030 க்குள் 36 சதவீதம் குறைப்பது முதல் பாகம். வாங்கும் உணவு, பொட்டலப் பொருள்கள் ஆகியவற்றின் ஒவ்வொரு டன்னுக்கும் நேரும் உமிழ்வை அதே காலத்துக்குள் 31 சதவீதம் குறைப்பது இரண்டாம் பாகம். இவை இரண்டும் நிறைவேறினால் 2030 க்குள் 15 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுக்கள் காற்றில் கலப்பது தடுக்கப்படும் என்றும், அது 3.2 கோடி கார்களை ஓராண்டு முழுவதும் சாலையிலிருந்து எடுத்துவிடுவதற்குச் சமம் என்றும் நிறுவனம் விளக்கியது. செய்தித்தாள்களில் தலைப்பானது இந்தக் கார்க் கணக்குதான்.

இந்த எண்களை மெதுவாகப் படிக்க வேண்டும். முதல் பாகத்தில் இருப்பது முழு அளவுக் குறைப்பு. அதாவது 2015 இல் 100 என்றால் 2030 இல் 64 ஆக வேண்டும். நடுவில் எத்தனை கடைகள் திறந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. இரண்டாம் பாகத்தில் இருப்பது அடர்த்திக் குறைப்பு. ஒரு டன்னுக்கு 100 ஆக இருந்தது 69 ஆனால் இலக்கு நிறைவேறிவிடும். ஆனால் வாங்கும் பொருளின் அளவு அதே காலத்தில் 45 சதவீதம் கூடினால், 69 ஐ 1.45 ஆல் பெருக்கிப் பாருங்கள், மறுபடியும் 100 தான் வரும். இலக்கும் எட்டப்பட்டிருக்கும், காற்றில் கலக்கும் வாயுவும் ஓர் அணுவளவும் குறைந்திருக்காது. வளிமண்டலத்துக்கு அடர்த்திக் கணக்கு தெரியாது; அதற்குத் தெரிந்தது மொத்தக் கணக்கு ஒன்றே. 'தடுக்கப்படும்' என்ற சொல்லிலும் இதே கவனம் தேவை. குறைப்பு என்பது நடந்து முடிந்த ஓர் ஆண்டோடு ஒப்பிடுவது. தடுப்பு என்பது, இப்படியே போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற ஊகத்தோடு ஒப்பிடுவது. இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரும்போது படிப்பவர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது எளிது.

வளர்ச்சி என்பது இங்கே கற்பனையான அபாயம் அல்ல. 2015 இறுதியில் அந்த நிறுவனத்தின் பெயரில் உலகெங்கும் ஏறத்தாழ 36,500 உணவகங்கள் இருந்தன. 2023 டிசம்பரில் முதலீட்டாளர்களின் முன்னிலையில், 2027 இறுதிக்குள் 50,000 உணவகங்கள் என்ற இலக்கை நிறுவனம் அறிவித்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் கடைகளின் எண்ணிக்கை 37 சதவீதம் கூடுகிறது. இந்த எண்ணைக் காலநிலை உறுதிமொழிக்குப் பக்கத்தில் வைத்து நானே ஒரு கணக்குப் போட்டேன். கடைகள் 37 சதவீதம் கூடும்போது மொத்த உமிழ்வு 36 சதவீதம் குறைய வேண்டுமானால், சராசரியாக ஒரு கடையின் உமிழ்வு 2015 இல் இருந்ததில் பாதிக்கும் கீழே, ஏறக்குறைய 47 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். புதிய கடைகள் சிறியவையாக இருக்கலாம், அவற்றில் சில தூய்மையான மின்சாரம் கிடைக்கும் நாடுகளில் அமையலாம் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் இது மிகக் கடினமான ஏற்றம். காலநிலை அறிவிப்பும் விரிவாக்க அறிவிப்பும் வேறு வேறு மேடைகளில், வேறு வேறு பார்வையாளர்களுக்காக வெளியாவதால் இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அந்த வழக்கம் வர வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

அந்தப் பாதிக் குறைப்பை யார் செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். மெக்டொனால்ட்ஸ் உணவகங்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தை உரிமம் பெற்ற தனி முதலாளிகளே நடத்துகிறார்கள். பெரும்பாலான இடங்களில் நிலத்தையும் கட்டடத்தையும் நிறுவனம் சொந்தமாகவோ நீண்டகாலக் குத்தகைக்கோ வைத்துக்கொள்கிறது. பொரிக்கும் சட்டிகள், வாட்டும் தட்டுகள், குளிர்பதனப் பெட்டிகள், இருக்கைகள் ஆகியவற்றுக்குப் பணம் போடுகிறவர் உரிமம் பெற்றவர். ஆக, கூரை ஒருவருடையது, அடுப்பு மற்றொருவருடையது. எரிவாயுத் தட்டை எடுத்துவிட்டு மின்சாரத் தட்டு வைக்கச் சொன்னால், செலவு யாருடையது, மிச்சமாகும் பணம் யாருக்குப் போகும் என்ற பேச்சு உடனே தொடங்கிவிடும். வாடகைக் கட்டடத்தில் ஓட்டல் நடத்துகிறவர்களிடம் நான் ஏறக்குறைய ஒவ்வொரு மாதமும் கேட்கும் பேச்சுதான் இது. கார்பன் கணக்கின் சர்வதேச முறைப்படி, நிறுவனம் தானே எரிப்பது ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரத்தால் நேர்வது ஸ்கோப் 2, மற்றவர்களின் வேலையால் தன் பொருட்டு நேரும் மீதி எல்லாமே ஸ்கோப் 3. உரிமம் பெற்றவரின் கடை எரிக்கும் எரிவாயு, நிறுவனத்தின் ஏட்டில் இந்த மூன்றாவது பிரிவில்தான் விழுகிறது. பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தும் கணக்கு வெளியாள் கணக்காகிவிடுகிறது. 2018 உறுதிமொழியில் உரிமம் பெற்ற கடைகளையும் 36 சதவீத இலக்குக்குள் சேர்த்துக்கொண்டது நேர்மையான முடிவு. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்க்காமல் விட்டிருந்தால் இலக்கு மிக எளிதாகியிருக்கும்.

கடைகளுக்குள் நடந்த நல்ல வேலைகளும் குறைவில்லை. குளிர்பதனப் பெட்டிகளில் ஓடும் எச்.எஃப்.சி. வாயுக்களில் சில, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பவை. அந்த வாயுக்கள் இல்லாத ஓர் உணவகத்தை டென்மார்க்கின் வைலே நகரில் 2003 இலேயே நிறுவனம் திறந்து பார்த்தது. பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலில் பிரிட்டனில் தன் லாரிகளை ஓட்டும் திட்டத்தை 2007 இல் தொடங்கியது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காற்றாலை, சூரிய மின்நிலையம் ஆகியவற்றோடு 2019 இல் நீண்டகால மின்கொள்முதல் ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. இவற்றுக்கு நேர்மாறாக, வெளியில் அதிகம் பேசப்பட்ட பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் ஒழிப்பு கார்பன் கணக்கில் மிகச் சிறியது. பிரிட்டனில் நாளொன்றுக்கு 18 லட்சம் குழல்களைக் காகிதத்துக்கு மாற்றினார்கள். அந்தத் தடித்த காகிதக் குழல்களை அப்போதைக்கு மறுசுழற்சி செய்ய இயலவில்லை என்று 2019 இல் தெரியவந்தது. கடலுக்குள் பிளாஸ்டிக் போகாமல் தடுப்பது தனியான, முக்கியமான வேலை. அதைப் புவி வெப்பமாதலுக்கான விடையாக எடுத்துக்கொள்வதுதான் பிழை.

இனி மாட்டுக்கு வருவோம். 2018 இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, 119 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டி, 40 உணவுப் பொருள்களின் சுற்றுச்சூழல் சுமையைக் கணக்கிட்டது. அதன்படி, இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் மாட்டின் ஒரு கிலோ இறைச்சிக்கு உலகச் சராசரியில் ஏறத்தாழ 100 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுக்கள் வெளியாகின்றன. பால் தந்து முடித்த மாட்டின் இறைச்சிக்கு அது ஏறத்தாழ 33 கிலோ. கோழிக்கு 10 கிலோ. பட்டாணிக்கு ஒரு கிலோ. உருளைக்கிழங்குக்கு அரை கிலோவுக்கும் குறைவு. காரணம் சிக்கலானதல்ல. மாடு அசைபோடும் விலங்கு. அதன் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் புல்லின் நார்ப்பொருளைச் சிதைக்கும்போது மீத்தேன் உண்டாகி, பெரும்பகுதி ஏப்பமாக வெளியே வருகிறது. இதனோடு, சாணத்திலிருந்தும் உரமிட்ட வயல்களிலிருந்தும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மற்றொரு பசுங்குடில் வாயு எழுகிறது. மேய்ச்சலுக்காகவும் தீவனத்துக்காகவும் காடு அழிக்கப்பட்டால், மரங்களிலும் மண்ணிலும் தங்கியிருந்த கார்பனும் சேர்ந்து வெளியேறுகிறது.

இந்த எண்களை என் தொழில் மொழிக்கு மாற்றிப் பார்த்தேன். குவார்ட்டர் பவுண்டர் என்ற பர்கரில் வைக்கும் இறைச்சி வாட்டுவதற்கு முன் 113 கிராம். உலகச் சராசரியில் அது ஏறத்தாழ 11 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நம் நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ வெளியாகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு துண்டு இறைச்சி 16 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை நாளுக்குப் பத்து மணிநேரம் வீதம் ஆறு மாதம் எரிக்க அது போதும். பால்மாட்டு இறைச்சி என்று கொண்டாலும் இரண்டு மாதம் எரிக்கலாம். ஒரு சமையலறையில் நாற்பது விளக்குகளை மாற்றிவிட்டு மனநிறைவோடு அறிக்கை எழுதிய நாள்கள் எனக்கு நினைவில் இருக்கின்றன. அந்த வேலை வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். மாத மின்கட்டணம் குறைந்ததில் அந்த ஓட்டல்காரருக்கு மூச்சு வந்தது. ஆனால் மாட்டிறைச்சி விற்கும் ஓர் உலகச் சங்கிலியின் உமிழ்வைப் பற்றிப் பேசும்போது விளக்கிலிருந்து தொடங்குவது, வெள்ளம் புகுந்த வீட்டில் குழாய்ச் சொட்டை அடைக்கப் போவதைப் போன்றது.

நிறுவனத்துக்கு இது தெரியாததல்ல. மாட்டிறைச்சி உற்பத்தி, உணவகங்களின் மின்சார, எரிபொருள் பயன்பாடு, பொட்டலமும் கழிவும் ஆகிய மூன்றும் சேர்ந்து தன் உமிழ்வில் ஏறத்தாழ 64 சதவீதம் என்றும், ஆகவே முதலில் இவற்றில்தான் கவனம் செலுத்தப்போவதாகவும் 2018 அறிவிப்பிலேயே அது சொன்னது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது மாட்டிறைச்சி. நிலைத்த மாட்டிறைச்சிக்கான உலக வட்டமேசை என்ற அமைப்பின் தொடக்க உறுப்பினர்களில் அதுவும் ஒன்று. மாடுகளைச் சிறு சிறு அடைப்புகளில் மாற்றி மாற்றி மேய்த்து, புல் மீண்டும் வளர இடைவெளி கொடுத்தால் மண்ணில் கார்பன் சேருமா என்று ஆராய்ந்த அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு அது நிதி தந்திருக்கிறது. மண்ணில் கார்பன் சேர்வது உண்மைதான். ஆனால் சில பத்தாண்டுகளில் மண் நிறைந்துவிடும்; அதற்குப் பிறகு சேர்வது மட்டுப்படும். மாட்டின் ஏப்பம் ஒவ்வொரு நாளும் தொடரும். ஒரு கடுமையான வறட்சியோ ஓர் உழவோ, சேர்ந்ததில் ஒரு பங்கை மீண்டும் காற்றுக்கு அனுப்பிவிடவும் கூடும். தீவனத்தில் கலந்து கொடுத்தால் மீத்தேனைக் குறைக்கும் 3-என்.ஓ.பி. என்ற வேதிப்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 இலும் அமெரிக்கா 2024 இலும் கறவை மாடுகளுக்காக அனுமதி தந்தன. ஏறத்தாழ 30 சதவீதம் வரை மீத்தேன் குறைகிறது. ஆனால் அதைத் தீவனத்தோடு நாள்தோறும் கொடுக்க வேண்டும். கொட்டகையில் கட்டித் தீவனம் போடும் மாட்டுக்கு அது இயலும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் தன்போக்கில் மேயும் மாட்டுக்கு யார் எப்படிக் கொடுப்பது?

2021 அக்டோபரில் நிறுவனம் மற்றோர் உறுதிமொழி தந்தது: 2050 க்குள் நிகர பூஜ்யம். பின்னர் அடிப்படை ஆண்டை 2018 க்கு மாற்றி, நிலம் சார்ந்த உமிழ்வுக்கும் (மாடு வளர்ப்பு, பயிர், காடழிப்பு ஆகியவற்றால் நேர்வது) டன்னுக்கு இவ்வளவு என்ற கணக்கை விட்டுவிட்டு முழு அளவுக் குறைப்பையே ஏற்றுக்கொண்டது. மேலே நான் அடர்த்திக் கணக்கைப் பற்றிக் குறைபட்டதற்கு இது நேரடியான பதில் என்பதால் மனமாரப் பாராட்டுகிறேன். எஸ்.பி.டி.ஐ. அமைப்பு 2022 இல் காடு, நிலம், வேளாண்மை ஆகியவற்றுக்கெனத் தனி விதிகளை வகுத்ததன் பயன் இது. அந்த விதிகளின் பொதுப்பாதைப்படி நிலம் சார்ந்த உமிழ்வு 2050 க்குள் 72 சதவீதம் குறைய வேண்டும். தீவன மருந்து தருவது அதிகபட்சம் 30. நல்ல மேய்ச்சல் முறை தருவது இடத்துக்கு இடம் வேறுபடும், நாளடைவில் தேயும். காடழிப்பை முற்றிலும் நிறுத்தினால் தென்னமெரிக்க இறைச்சியின் சுமை பெரிய அளவில் குறையும். ஆனால் ஏற்கெனவே காடழிப்பு இல்லாத நாட்டு இறைச்சியில் அந்த லாபம் கிடையாது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் 72 எனக்குக் கிடைக்கவில்லை. உணவுப்பட்டியலில் மாட்டிறைச்சி இன்றிருக்கும் அதே இடத்தில் இருக்க, உறுதிமொழி மட்டும் நிறைவேறும் என்று நம்புவதற்கு என்னால் ஒரு வழியும் காண முடியவில்லை.

இந்த நிறுவனம் நினைத்தால் எவ்வளவு விரைவாக மாற்றத்தைக் கொண்டுவர முடியும் என்பதற்கு 2006 ஆம் ஆண்டே சான்று. அந்த ஏப்ரலில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட அறிக்கை ஒன்று, அமேசான் காட்டை அழித்து விளைத்த சோயா, கார்கில் என்ற தானிய வணிக நிறுவனத்தின் சன்டரேம் துறைமுகம் வழியாகக் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய், அங்கே மெக்டொனால்ட்ஸ் விற்கும் கோழிகளுக்குத் தீவனமாகிறது என்பதைத் தடம் பிடித்துக் காட்டியது. கோழி வேடமணிந்த ஆர்வலர்கள் பிரிட்டனில் அந்த நிறுவனத்தின் கடைகளுக்குள் நுழைந்தார்கள். மெக்டொனால்ட்ஸ் வாதாடிக்கொண்டிருக்காமல் கிரீன்பீஸோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, தனக்குப் பொருள் தருகிறவர்களை நெருக்கியது. ஜூலை 24 அன்று, அதாவது மூன்றே மாதங்களில், பிரேசிலின் சோயா வணிகர் சங்கங்கள், அந்தத் தேதிக்குப் பிறகு அமேசானில் காடழித்த நிலத்தின் சோயாவை வாங்கமாட்டோம் என்று அறிவித்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அமேசானில் புதிதாக விரிந்த சோயா நிலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் நேரடியாகக் காட்டை அழித்து வந்தது. 2014 இல் அது ஏறத்தாழ ஒரு சதவீதமாகச் சுருங்கியது என்று பின்னர் சயன்ஸ் இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அண்டையிலுள்ள செராடோ புல்வெளிக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தவில்லை என்பது அதன் பெருங்குறை. 2025 இல் பிரேசிலின் வணிகப் போட்டி ஆணையம் அதை நிறுத்திவைக்க உத்தரவிட்டதும் வழக்கு எழுந்ததும் மனதைக் கனக்கச் செய்யும் செய்திகள். ஆனாலும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அது காட்டைக் காத்து நின்றது. அந்த வெற்றிக்குச் சூரியத்தகடு எதுவும் தேவைப்படவில்லை. கொள்முதல் பிரிவு தன் நிபந்தனையை மாற்றியதே போதுமாக இருந்தது.

அதே உறுதியை உணவுப்பட்டியலில் காட்டினார்களா என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. தாவர இறைச்சி தயாரிக்கும் பியாண்ட் மீட் நிறுவனத்தோடு சேர்ந்து, பட்டாணிப் புரதத்தை அடிப்படையாகக் கொண்ட மெக்பிளாண்ட் என்ற பர்கரை உருவாக்கினார்கள். 2022 தொடக்கத்தில் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ, டல்லஸ் வட்டாரங்களில் ஏறத்தாழ 600 கடைகளில் விற்றுப் பார்த்தார்கள். விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை, சோதனை முடிந்தது. அமெரிக்க வாடிக்கையாளர்கள் தாவர இறைச்சியை இந்தக் கடைகளில் தேடவில்லை என்று அந்நாட்டுப் பிரிவின் தலைவர் ஜோ எர்லிங்கர் 2024 இல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு வணிகரின் நிலையில் அது நேர்மையான பேச்சு. ஆனால் இதே நிறுவனம் பல பத்தாண்டுகளாக விளம்பரத்தாலும் விலையாலும் குழந்தைகளுக்கான பொம்மைகளாலும் மனிதர்களின் பசியையே வடிவமைத்து வந்திருக்கிறது. அத்தகைய ஆற்றல் உள்ளவர்கள், ஒரு பொருளைச் சில மாதங்கள் விற்றுப் பார்த்துவிட்டு, மக்கள் கேட்கவில்லை என்று ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாட்டிறைச்சி இல்லாமல் அந்தப் பெயர்ப்பலகை நிற்காது என்ற வாதத்துக்கு மறுப்பு நம் ஊரிலேயே இருக்கிறது. 1996 அக்டோபரில் டெல்லியில் முதல் கடையைத் திறந்த நாள் முதல் இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ விற்றதில்லை. சைவத்துக்கும் அசைவத்துக்கும் சமையல் இடங்களைப் பிரித்தார்கள். உருளைக்கிழங்கும் பட்டாணியும் சேர்ந்த மெக்ஆலூ டிக்கியை உருவாக்கினார்கள். அது இன்றும் பட்டியலில் இருக்கிறது. இதற்குக் காரணம் காலநிலை அக்கறை அல்ல, இங்குள்ள சமய உணர்வும் சந்தையின் இயல்பும்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோழியும் சீஸும் நிறைந்த பட்டியல் சுமையற்றது என்றும் சொல்லமாட்டேன். சீஸின் உமிழ்வு கோழியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களைக் குற்றவாளிகளாக்கும் அரசியலுக்கு இந்தக் கணக்கு துணைபோகக் கூடாது என்பதிலும் எனக்கு உறுதி உண்டு. ஏழை உழைப்பாளி தன் தெருவில் வாங்கும் கறியும், உலகச் சங்கிலி ஒன்று கண்டம் விட்டுக் கண்டம் பெருக்கும் கொள்முதலும் ஒன்றல்ல. நான் சொல்ல வருவது, அதே நிறுவனம், அதே கல்லா, அதே பயிற்சி முறையோடு வேறொரு பட்டியலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக லாபத்தோடு நடத்த முடிகிறது என்பதை மட்டுமே.

நம் பகுதியில் அந்தக் கடைகளை நடத்துவது வெஸ்ட்லைஃப் ஃபுட்வேர்ல்ட். மேற்கு, தென்னிந்திய உரிமம் அதனுடையது. அது பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள் தம் சமூக, சுற்றுச்சூழல் விவரங்களைக் குறித்த படிவத்தில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதி. அந்தப் படிவத்தில் ஸ்கோப் 1, ஸ்கோப் 2 கட்டாயம். ஸ்கோப் 3 விருப்பத்துக்கு விடப்பட்ட பகுதியில் இருக்கிறது. ஓர் உணவக நிறுவனத்துக்கு ஸ்கோப் 3 ஐ விருப்பம் என்று வைத்தால், கோழியும் சீஸும் எண்ணெயும் கணக்குக்கு வெளியே நின்றுவிடும். விளக்கும் குளிர்சாதனமும் உள்ளே இருக்கும். என் போன்றவர்களின் தொழிலுக்கு இது வசதியான ஏற்பாடு. ஆனாலும் உணவு விற்கும் நிறுவனங்களுக்காவது அந்தப் பகுதியைச் செபி கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மீத்தேனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனெனில் என் நம்பிக்கை அதில்தான் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். மீத்தேன் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும்; ஆனால் இருக்கும் காலத்தில், இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். இன்று குறைக்கும் மீத்தேனின் பலனை, இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தங்கள் முப்பது வயதுக்குள் உணர்வார்கள். உலகின் பெரும்பாலான நிறுவனங்களைவிட, மாட்டிறைச்சியை மையமாகக் கொண்ட ஓர் உணவகச் சங்கிலிக்கு இந்த வாய்ப்பு நெருக்கமாகக் கிடைத்திருக்கிறது.

மார்க்கெட் டிரேட்டன் கடைக்கு நான் போனதில்லை. பிரிட்டனில் 2022 ஜனவரி முதல் நாடு முழுவதும் மெக்பிளாண்ட் விற்கிறார்கள். எனவே ஆட்டு ரோமம் அடைத்த அந்தச் சுவர்களுக்குள்ளும் ஒரே கல்லாவில் மாட்டிறைச்சிப் பர்கரும் பட்டாணிப் பர்கரும் கேட்டு வாங்கலாம் என்று எண்ணுகிறேன். ஒவ்வொரு நாளும் இவற்றில் எது எத்தனை விற்றது என்பது அந்தக் கல்லாவின் கணினிக்குத் தெரியும். 2030 க்கான அறிக்கை வெளியாகும்போது, கூரைத்தகடு எத்தனை யூனிட் தந்தது என்ற பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்வேன்; 2018 இல் எத்தனை டன் மாட்டிறைச்சி வாங்கினார்கள், 2030 இல் எத்தனை டன் வாங்கினார்கள் என்ற இரண்டு எண்களைத்தான் முதலில் தேடுவேன்.